என்னைச் சுற்றி ஒரு சிவப்புப் பெட்டி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை, படங்களில் பெட்டி போடுவது. டிரைவர் இல்லாமல் தானாக ஓடப்போகிற காருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கட்டிய வண்டி ஒன்று நம் ரோடுகளில் சுற்றிப் படமெடுத்து வரும். அதில் மாடு வந்தால் மாடு, ஆட்டோ வந்தால் ஆட்டோ என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் இழுத்து, அது இன்னது என்று குறிக்க வேண்டும். சேக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து நாள் முழுக்க இதைத்தான் செய்கிறேன். கண் எரியும். மற்றபடி வேலையைக் குறை சொன்னதில்லை.

போன வருடம் புதிதாக ஒரு குறி வந்தது. மனிதர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். ஜீப்ரா கிராஸிங் வரிக்கோட்டில் சிக்னல் பார்த்துக் கடப்பவருக்குப் பச்சைப் பெட்டி. வேறு இடத்தில் இறங்குகிறவர் 'விதி மீறுபவர்', அவருக்குச் சிவப்பு. எதற்கு என்று கேட்டேன். எங்கள் டீம் லீடர் என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர்தான். பொறுமையாக விளக்கினார்.

"பிரேக் பிடிக்காம போச்சுன்னு வைங்கக்கா. ரெண்டு பக்கமும் ஆளு. யாராவது ஒருத்தர் மேல ஏறித்தான் ஆகணும்னா, ஒழுங்கா வர்றவங்களைக் காப்பாத்தணும்ல? அதை வண்டி தெரிஞ்சிக்கத்தான்."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

எங்கள் ஆபீஸ் வாசல் ரோட்டில் வரிக்கோடே கிடையாது. முன்பு இருந்தது. புதுத் தார் போட்டபோது அதன் மேலேயே போட்டு மூடிவிட்டார்கள். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம், ஆபீஸ் இந்தப் பக்கம். எப்படிக் கடப்பது? இங்கே எல்லோரும் கடக்கிற மாதிரிதான். கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டி, வருகிறவன் கண்ணை விடாமல் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அவன் வேகத்தைக் குறைப்பான், குறைத்துவிட்டுத் திட்டுவான். "இன்னா, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று ஏதாவது ஒரு ஆட்டோக்காரர் கத்தாத நாள் கிடையாது. கத்தட்டும். திட்டுகிறான் என்றால் என்னைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். இதற்குப் பெயர் விதி மீறலா? வரிக்கோட்டை மூடியவர்களை யார் சிவப்பில் குறிப்பது?

ஒரு நாள் என் திரையில் வந்த படம், எங்கள் வாசல் ரோடு. முகங்களை மங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். அதனால் என்ன? ஒரு கையை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறவளின் இன்னொரு கையில் இருப்பது என் அண்ணன் மகள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. அதில்தான் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறேன். கட்டியிருந்த புடவையும் என்னுடையதுதான். எனக்கு நானே சிவப்புப் பெட்டி போட வேண்டும்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். பச்சை போட்டு அனுப்பினேன். சரிபார்க்கிறவர்களிடமிருந்து தவறு என்று திரும்பி வந்தது. மறுபடியும் பச்சை போட்டேன். மறுபடியும் வந்தது. கடைசியில் டீம் லீடரே வந்து நின்றார். அது நான்தான் என்று பையைக் காட்டிச் சொன்னேன்.

"அக்கா, இது சும்மா ஒரு கலரு. இதுக்குப் போயி ஏன் இவ்ளோ பிடிவாதம்?"

"சும்மா கலருன்னா பச்சையே இருக்கட்டுமே சார்."

"யாரையாவது இடிச்சுத்தான் ஆகணும்னு ஒரு நிலைமை வந்தா…"

"தெரியாம இடிச்சா அது விபத்து. டிரைவர் பதறிப்போயி எந்தப் பக்கம் ஒடிச்சாலும் அவனை நான் மன்னிச்சிடுவேன். ஏசில உக்காந்துகினு, இவளை இடிச்சா பரவால்லன்னு இன்னிக்கே முடிவு பண்ணி வெக்கிறதுக்கு இன்னா சார் பேரு?"

அவர் படத்தை என் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு மாற்றினார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள், தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ரோட்டைக் கடப்பாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னால முடியாது சார்" என்று மவுசை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் டீம் லீடரே அவள் இடத்தில் உட்கார்ந்தார். "பிடிக்கலைன்னா நாளைலேந்து வர வேணாம்க்கா" என்றார், திரும்பாமல். வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் சீட்டிலிருந்து எழுந்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். படத்தில் இருந்த என்னைச் சுற்றி மெதுவாகக் கட்டம் இழுத்தார். சிவப்பின் மேல் கொண்டுபோய் மவுசை நிறுத்தினார்.

"என் பேரையும் சேத்துப் போடுங்க சார்" என்றேன். "யாரை இடிக்கலாம்னு வண்டி சரியா தெரிஞ்சிக்கட்டும்."