அரிசி தந்தவரின் பூட்டு

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு எத்தாளை ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹமீதா ராத்தாவின் மவுத்தையும் அடக்கம் செய்யும் நேரத்தையும் அறிவித்தார்கள். வழக்கம்போல வாப்பாவின் பெயர், கணவரின் பெயர், பிறகு "நஸார் ஹாஜியாரின் சகோதரி" என்று. கதை எழுதியவர் என்று ஒரு சொல் இல்லை. அது போகட்டும். அந்தச் சகோதரர் ஆறு வருடமாக அவரோடு பேசவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஹமீதா ராத்தாவைக் கடைசியிலும் அவர் பெயரால் அடையாளம் காட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா முறையில் நான் ராத்தா என்றழைத்த அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இந்த ஊருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைத் தம் தென்னந்தோட்டத்தில் இருத்தி, முதல் நாளே சோறாக்கிப் போட்டவர் ராத்தாவின் வாப்பா. மாதக்கணக்கில் அரிசி தந்தார். கோடையில் கிணறு உவர்க்கத் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் அள்ளாதபடி கிணற்றடிப் படலைக்குப் பூட்டுப் போட்டவரும் அவரே. அரிசியை ஊர் இன்றும் மேடையில் சொல்கிறது. பூட்டை எவரும் சொல்வதில்லை. ராத்தா இரண்டையும் ஒரே கதையில் எழுதினார்.

கைப்பிரதியை என்னிடம் தந்தார். என் உம்மா வெறுங்குடத்தோடு அந்தப் படலையில் நின்றதைப் பார்த்தவன் நான். "அரிசிய எடுத்திடுங்க ராத்தா. பூட்டு மட்டும் இரிக்கட்டும், அப்பதான் உறைக்கும்" என்றேன்.

ராத்தா சிரித்தார். "ஒங்களுக்குக் கோவம், சரி. ஆனா அதுக்கு முதல் அந்த மனிசர் என்ன செஞ்சாரெண்டும் பாக்கணும் தம்பி. நல்ல மனிசர்தானே பூட்டினார். அதத்தான் எழுதோணும்."

புத்தகம் வந்ததும் இரண்டு பக்கமும் ஏச்சுத்தான். "மவுத்தான வாப்பாவச் சந்திக்கு இழுத்திட்டா" என்று, நாங்கள் அண்ணனாக எண்ணி நஸார் நானா என்றழைக்கும் அந்தச் சகோதரர் ராத்தாவின் வாசலை மிதிப்பதை விட்டார். மன்னாரிலிருந்து வந்த எங்கள் ஆட்களோ, "இப்பதான் இந்த ஊரோட கலியாண சம்பந்தம் பேசுறம், ஏன் கிண்டுறா?" என்றார்கள். ராத்தா ஒரு வரியையும் மாற்றவில்லை. பெருநாளைக்கு மட்டும் நானாவுக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பைச் செய்து அனுப்புவார். மூடியபடியே திரும்பி வரும்.

ராத்தாவின் உடல் கிடந்த மையத்து வீட்டு முற்றத்தில் நஸார் நானா என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கதையில வாப்பா அரிசி குடுத்ததும் இரிக்காமே, மெய்யா?"

"ஓம் நானா. நீங்க வாசிக்கல்லியா?"

"பூட்டினதத்தான் ஆக்கள் வந்து சொன்னாங்க."

இத்தனை வருடத்தில் நம்மில் ஒருவராவது அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்திருக்கலாம். வாசித்துவிட்டுத்தான் கோபிக்கிறார் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

ராத்தாவின் மகன் அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். கண் தெளிவில்லை, வாசியுங்கள் என்றார் நானா. அரிசி வரை மெதுவாக வாசித்து நிறுத்திக்கொண்டேன்.

"மத்ததையும் வாசிங்க தம்பி."

பூட்டையும் வாசித்தேன். "ஓம், அப்புடித்தான் நடந்திச்சு" என்றார். அதைக் கேட்க வேண்டியவரை உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோபத்தோடு எழுத உட்காரும்போதெல்லாம் கைப்பிரதியைத் தந்தபோது ராத்தா சொன்னது என் கூட இருக்கும். இதை எழுதும்போதும் இருந்தது. அதனால்தான் திரும்பி வந்த வட்டிலப்பத்தோடு நிறுத்தாமல், நானா மற்றதையும் வாசிக்கச் சொல்லி ஒத்துக்கொண்டதையும் எழுதினேன்.