பின்னால் சேர்த்த சிரிப்பு

லோர்னா குபியாக் நாற்பத்தொரு வயதுவரை பிறர் பேசியதைத் தட்டச்சு செய்தே பிழைத்தவள். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் எழுத்தாளர்கள் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து காலை பத்து மணியிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். மேசையின் கடைக்கோடியில் அவள் அத்தனையையும் தட்டிக்கொண்டே இருப்பாள். எந்த வரிக்கு அறை சிரித்ததோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட வேண்டும். பதினான்கு ஆண்டுகளில் எட்டுத் தொடர்கள் அவள் விரல்கள் வழியே கடந்து போயிருந்தன. அவற்றில் ஒன்றுகூட இரண்டாம் ஆண்டைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது தொடரின் பெயர் ‘நான்காம் மாடி’. நியூயார்க்கில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும், மணமாகாத நான்கு இளைஞர்களின் கதை. 1996ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. படப்பிடிப்பு நடந்ததோ லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பர்பேங்கில். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த நியூயார்க் துணியில் தீட்டியது. தனிவாழ்வின் வேடிக்கைகளை எழுதிய ஆறு பேரில் நால்வர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். மற்ற இருவர் இரண்டாவது மணமுறிவுக்காக வழக்கறிஞர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். உண்மையிலேயே தனியாக வாழ்ந்தவள் அந்த அறையில் லோர்னா ஒருத்திதான். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே சொல்லப்படுவது எதுவாயினும், தாயின் பைத்தியமோ, மனைவியின் துரோகமோ, சொன்ன கணமே அது தொடருக்குச் சொந்தமாகிவிடும். பிறகு திருப்பிக் கேட்க முடியாது. லோர்னாவுக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அவள் வாயைத் திறந்தாள்.

ஏழாவது வாரக் கதை நான்கு நாட்களாக நகராமல் நின்றது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக வாழும் குஸ் என்ற கிழவன் பாத்திரத்துக்கு ஒரு சிறு கதை வேண்டியிருந்தது. தலைமை எழுத்தாளன் ஸ்டூ ரெஸ்னிக் நூடுல்ஸ் டப்பாவை மேசைமேல் தள்ளினான்.

“நாலு நாளா இதையேதான் தின்னுக்கிட்டிருக்கோம். குஸ்ஸுக்கு ஒரு கதை சொல்ல நாதியில்ல. லோர்னா, நீயாச்சும் சொல்லேன். உன் வீட்டுல என்னதான் நடக்குது?”

“அவ வீட்டுல பூனைதான் நடக்குது,” என்றான் ஒருவன்.

அறை சிரித்தது. லோர்னா அந்த வரியைத் தட்டி, ஓரத்தில் நட்சத்திரமும் இட்டாள். அவளிடம் பூனையே கிடையாது. அந்தச் சிரிப்பை எப்படியாவது தன்மீதிருந்து வேறொருவர்மீது திருப்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருக்காரு. சிட்டி பஸ் ஓட்டுறவரு,” என்றாள். “மத்தியானம் டிப்போவுல இருந்து தன் வீட்டுக்கே போன் போடுவாரு. எடுக்கத்தான் ஆளில்லையே, பேச்சைப் பதிஞ்சு வெக்கிற மெஷின் எடுக்கும். அதுல தனக்குத்தானே சேதி சொல்லி வெச்சிடுவாரு. சாயங்காலம் வந்து பட்டனை அமுக்கி, நாற்காலியைப் போட்டு உக்காந்து கேப்பாரு. ‘வெண்டல், நான்தான் வெண்டல் பேசறேன். சூப்பு மிச்சமிருக்கு, மறந்துடாத.’”

அறை சிரிப்பில் வெடித்தது.

“அவரு திருப்பிக் கூப்பிடுவாரா?”

“கூப்பிட மாட்டாருப்பா, தன்மேலயே கோவமா இருக்காரு!”

ஸ்டூ கண்ணைத் துடைத்துக்கொண்டான். “பதினாலு வருஷமா இவளைத் தட்டச்சு பண்ண விட்டிருக்கானுங்களே! லோர்னா, இது உன் எபிசோட். நீயே எழுது. திரையில உன் பேரு வரும்.”

அவள் தான் சொன்ன வரிகளைத் தானே தட்டினாள். நட்சத்திரத்தையும் தானே இட்டாள்.

வடக்கு ஹாலிவுட்டில், நீச்சல் குளத்தைச் சுற்றிக் கட்டிய இரண்டடுக்குக் குடியிருப்பில், லோர்னாவின் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வெண்டல் ஆஷ்பியின் கூடம். ஒன்பது ஆண்டுப் பழக்கம். அவள் வண்டியின் பேட்டரி செத்த நாட்களில் அவர்தான் மின்னிணைப்புக் கம்பியோடு வந்து உயிர் கொடுப்பார். சுவர் வழியே கேட்ட குரலைப் பற்றி ஒருநாள் அவள் படிக்கட்டில் வைத்துக் கேட்டபோது அவர் காதுமடல் வரை சிவந்துபோனார்.

“கதவைத் திறந்ததும் மெஷின்ல சேதி இருக்குன்னு அந்தச் சிவப்பு லைட்டு மினுங்கணும், லோர்னா. இல்லேன்னா வீடே செத்த மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா, என்னைக் கிறுக்கன்னு நினைப்பாங்க.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றிருந்தாள்.

அவள் பெயர் திரையில் வரப்போவதாகக் கேள்விப்பட்டு, கதை இன்னதென்று அறியாமலே, அவளைவிட அதிகம் மகிழ்ந்தவர் அவர்தான். டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். படப்பிடிப்பைப் பார்க்க நுழைவுச்சீட்டு கேட்டார். மறுப்பதற்கு ஒரு காரணமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இருந்த உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் காட்சிக்கு வெண்டல் பழுப்புக் கோட்டு அணிந்து வந்தார். இருநூறு பார்வையாளர்கள் படிவரிசையில் அமர்ந்திருந்தார்கள். படப்பிடிப்பு தொடங்குமுன் கூட்டத்தைச் சிரிக்கப் பழக்குவதற்கென்றே ஒரு கோமாளி உண்டு. அவன் வெண்டலைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா தனியாவா வந்திருக்கீங்க? என்ன தொழில்? பஸ் டிரைவரா! பக்கத்து சீட்டு அம்மா, கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. இவரு நிறுத்தத்துல நிறுத்தாமப் போனாலும் போயிடுவாரு!”

வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தார். லோர்னா காமிராக்களுக்குப் பின்னால், ஒரு தூணின் மறைவில் நின்றிருந்தாள்.

மூன்றாவது காட்சியில் குஸ் தன் அறைக்குள் வந்தான். விளக்கைப் போட்டான். தொப்பியைக் கழற்றினான். மெஷினின் பொத்தானை அமுக்கினான். “குஸ், நான்தான் குஸ் பேசறேன். சூப்பு மிச்சமிருக்கு.” நடிகன் சிரிப்புக்காகக் காத்து நின்றான்.

சிரிப்பு வரவில்லை. இருநூறு பேரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். மேல் வரிசையில் ஒரு பெண்மணி “அடப் பாவமே” என்று மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. ஸ்டூ மறுபடி எடுக்கச் சொன்னான். மறுபடியும் அதே அமைதிதான்.

திரும்பும்போது வெண்டல் அவள் வண்டியில் வந்தார். லான்கர்ஷிம் சாலைத் திருப்பத்தில் சிவப்பு விளக்குக்காக வண்டி நின்றபோது கேட்டார்.

“அது நான்தானே?”

“ஆமா.” அவள் சாலையையே பார்த்தபடி சொன்னாள். “என்னை மன்னிச்சிடுங்க, வெண்டல்.”

“அவன் பட்டன்ல கை வெச்சப்போ, இறங்கி ஓடிடலாமான்னு இருந்துச்சு. முப்பது வருஷமா முதுகுக்குப் பின்னாடி சிரிப்பைக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டுறேன். எது எனக்கான சிரிப்புன்னு திரும்பிப் பாக்காமலே தெரியும்.” அவள் பக்கம் திரும்பினார். “ஆனா ஒருத்தர்கூட சிரிக்கலை. பாத்தியா நீ? இருநூறு பேரு.”

“பாத்தேன்.”

“அவங்க வீட்டுலயும் அப்படித்தான் போல.” அவர் முகத்தில் அவள் இதற்குமுன் காணாத ஒரு தெளிவு இருந்தது. “நல்லாத்தான் எழுதியிருக்க. டிவியில வர்றப்போ நம்ம வீட்டுல உக்காந்து பாக்கலாம். நான் கறி அரைச்சு மீட்லோஃப் சுடறேன். பச்சை விளக்கு, போம்மா.”

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஒலிக்கூடத்துக்கு வரும்படி ஸ்டூ அவளை அழைத்தான். அங்கே டெல்பர்ட் என்ற முதியவர் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றுடன் அமர்ந்திருந்தார். பெட்டியைத் திறந்தால் ஆர்மோனியம்போல் கட்டைகள். ஒவ்வொன்றிலும் எப்போதோ யாரோ சிரித்த சிரிப்பு. மண்டபத்தில் சிரிப்புக் குறைந்த இடங்களில் அவர் அவற்றை வாசித்து நிரப்புவார். எல்லாத் தொடர்களுக்கும் நடப்பதுதான். இத்தனை ஆண்டுகளில் லோர்னா அதைப் பற்றி ஒருமுறைகூடத் தவறாக நினைத்ததில்லை.

“சேனல்காரங்க போன் பண்ணாங்க,” என்றான் ஸ்டூ. “குஸ் சீனு சாவு வீடு மாதிரி இருக்காம். பாக்கறவங்க கணக்குல நாம ஏற்கெனவே எழுபத்தொண்ணாவது எடத்துல இருக்கோம். இங்க பாரு, இது உன் எபிசோட். அப்படியே விடுன்னு சொன்னா விட்டுடறேன், அவங்ககூட சண்டையும் போடறேன். ஆனா அடுத்த வாரம்தான் உனக்கு எழுத்தாளர் நாற்காலி கேக்கப் போறேன். ரெண்டு சண்டையை அடுத்தடுத்து என்னால போட முடியாது. நீயே சொல்லு.”

அவள் கண்ணாடிக்கு அப்பால் திரையைப் பார்த்தாள். குஸ்ஸின் விரல் பொத்தான்மேல் அசையாமல் நின்றது. வெண்டலின் முகத்தில் கண்ட தெளிவு நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருந்தால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னாளில் தன்னிடமே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

“சின்னதா ஒண்ணு வையுங்க,” என்றாள்.

டெல்பர்ட் மூக்குக் கண்ணாடியை உயர்த்தினார். “அமைதிக்குப் பக்கத்துல வெச்சா சின்னச் சிரிப்புன்னு ஒண்ணு கிடையாதும்மா.”

வாசித்தார். ஸ்டூ போதாது என்றான். மறுபடி வாசித்தார். இந்த முறை ஆண்களின் உரத்த சிரிப்பு, பெண்களின் கீச்சுச் சிரிப்பு, எல்லோரும் முடித்தபின் தாமதமாகப் புரிந்துகொண்டு சிரிக்கும் ஒருவன். ஸ்டூ அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

ஒளிபரப்புக்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. எட்டு நாட்களும் அவள் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள்: ‘வெண்டல், அந்த இடத்துல சிரிப்பு சேத்திருக்கு.’ குளக்கரையில் அவரைக் கண்டபோது வானிலையைப் பற்றிப் பேசினாள். தபால் பெட்டிகளருகே கண்டபோது, மீட்லோஃபுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாள்.

புதன்கிழமை எட்டரை மணிக்கு, மடியில் சாப்பாட்டுத் தட்டுகளுடன் இருவரும் அமர்ந்தார்கள். வெண்டல் புதிய வீடியோ நாடா ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதன் முதுகில் பெரிய எழுத்துகளில் ‘லோர்னாவின் கதை’ என்று எழுதியிருந்தது.

குஸ் உள்ளே வந்தான். வெண்டல் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த அமைதியைக் கேட்கத் தயாராக முன்னால் சாய்ந்தார்.

அந்தச் சிறிய கூடம் முழுவதும் சிரித்தது. கடைசியில் அந்த ஒருவன் தாமதமாகச் சிரித்தான்.

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். அவள் பெயர் திரையில் தோன்றி மறைந்த பிறகுதான் நாடாவை நிறுத்தினார்.

“இவங்கள்லாம் அன்னிக்கு அங்க இல்லையே,” என்றார்.

“பின்னால சேத்தது. அவங்க சேப்பாங்க. எல்லா எபிசோடுக்கும் சேப்பாங்க.”

“அவங்கன்னா?”

“ஸ்டூ. சேனல்காரங்க.”

“சேத்தப்போ நீ இருந்தியா?”

“இல்ல,” என்றாள் லோர்னா.

வெண்டல் அவளைப் பார்த்தார். “சரி. இன்னும் ஒரு துண்டு போட்டுக்க, ஆறிடப் போகுது,” என்றார். அவர் பரிமாறினார்; அவள் உண்டாள். பதினான்கு ஆண்டுகளில் தான் தட்டிய எந்தப் பொய்யும் இவ்வளவு எளிதாக விரலைக் கடந்து போனதில்லை என்று அவள் நினைத்தாள்.

ஒன்பதாவது வாரத்தோடு தொடர் நிறுத்தப்பட்டது. எழுத்தாளர் நாற்காலியை வாராவாரம் தள்ளிப்போட்ட ஸ்டூவுக்கு அதைக் கேட்கும் வாய்ப்பே வரவில்லை. கடைசி நாளில் எழுத்தாளர்கள் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு, அடுத்த தொடரைப் பற்றிப் பேசியபடி போனார்கள். லோர்னா தன் கோப்பையையும் அகராதியையும் அட்டைப்பெட்டியில் வைத்தாள். சமையலறைச் சுவர் வழியே இரண்டு வாரமாகக் குரல் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மணி மதியம் இரண்டு. வெண்டல் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம். நேரில் சொல்ல முடியாததை மெஷினிடமாவது சொல்லிவிடலாம் என்று எண்ணி எண்களை அழுத்தினாள். வழக்கமாக நான்காவது மணியில் மெஷின் எடுக்கும். ஐந்து, ஆறு, ஏழு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினோராவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

“யாரு?” வெண்டலின் குரல்தான். இருமினார். “சளி பிடிச்சிருக்கு, லீவுல இருக்கேன்.”

“லோர்னா பேசறேன்.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன், வெண்டல். வைக்கச் சொன்னதே நான்தான்.”

மறுமுனையில் நாற்காலி முனகியது.

“தெரியும்மா.”

“எப்போ தெரியும்?”

“நீ மீட்லோஃபுக்கு என்ன வாங்கி வரட்டும்னு கேட்டியே, அப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். ‘இல்ல’ன்னு சொன்னப்போ எதுன்னு தெரிஞ்சுது.”

“மெஷினை எடுத்துட்டீங்களா?” என்றாள்.

“அலமாரியில கெடக்கு. ரெண்டு நாளு போட்டுப் பாத்தேன். நான் பேசி முடிச்சதும் அவங்க சிரிச்சிடறாங்க.” மறுபடி இருமினார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் அதைப் பற்றிக்கொண்டு நின்றிருப்பாள். “அந்த நாடாவை ஒரு பையில போட்டு உன் கதவுக் கைப்பிடியில மாட்டி வெச்சிருக்கேன். உன் பேரு அதுல நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. நீயே வெச்சுக்க.”

அவர் வைத்துவிட்டார். லோர்னா எழுத்தாளர்களின் நீண்ட மேசையருகே ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். காலி அறையில் யாரும் சிரிக்கவில்லை.