புதன்கிழமை அடித்த அலாரம்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பொறுப்பாளராக இருந்தவர் என்பதால் தெருவுக்கே அவர் ஸ்டோர்க்காரர். கறார் என்றால் அப்படியொரு கறார். சீட்டு இல்லாமல் ஒரு நட்டுகூட அவர் கையை விட்டு வெளியே போனதில்லை. மேலாளரே வந்து நின்றாலும் "சீட்டு எங்க சார்?" என்றுதான் கேட்பார். அவரைப் பின்னால் திட்டாத டிரைவர் கிடையாது. ஆனால் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும் என்று நம்பி வண்டி எடுத்தவர்களும் அதே டிரைவர்கள்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டில் அலாரம் இல்லாமல் இருக்குமா? பதினாறு வருஷத்துக்கு முன்னால், தெருவில் வேறு யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில், வாங்கி மாட்டிவிட்டார். வாசல் கதவுக்கு உள்பக்கம் எண்கள் பதித்த ஒரு பெட்டி, பின் ஜன்னலில் ஒரு சென்சார், வெளியே சன்ஷேடுக்குக் கீழே ஒரு சைரன். சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் அரை நிமிஷத்துக்குள் நாலு எண்களை அழுத்த வேண்டும். மூன்று முறை தப்பாக அழுத்தினால் ஊரைக் கூட்டிவிடும். கூடவே அவருடைய கைபேசிக்கும் அழைப்பு வரும். எடுத்தால் அவர் பதிவு செய்து வைத்த குரலிலேயே, "வீட்டுல ஆபத்து, உடனே வரவும்" என்று அவரிடமே சொல்லும். முதல் தடவை அதைக் கேட்டபோது அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

போகப் போக அலாரத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. காற்றில் பின் ஜன்னல் ஆடினால் கத்தும். பல்லி ஓடினால் கத்தும். எதிர்வீட்டு நர்ஸ், ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள், "ஐயா, உங்க வீட்டுத் திருடனை ஒரு தடவை நிஜமாவே வந்துட்டுப் போகச் சொல்லுங்க, எனக்குத் தூக்கம் வருது" என்பாள். மனைவி போன பிறகு ஸ்டோர்க்காரர் அதை ஆன் செய்வதையே விட்டுவிட்டார். பதினோரு மாசமாகப் பெட்டி சுவரில் சும்மா கிடந்தது.

வெளியூரில் இருக்கும் மகள்தான் விடவில்லை. "தனியா இருக்கீங்கப்பா. வழுக்கி விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது. ஆள் உக்காந்து கவனிக்கிற மாதிரி ஒண்ணு போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது வருகிற அலாரமெல்லாம் அப்படித்தானாம். அடித்தால் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் போன் போட்டு என்ன ஏது என்று விசாரிப்பார்கள். நாம் கண்டுகொள்ளாவிட்டால் பட்டியலில் இருக்கும் அடுத்த ஆளுக்குப் போடுவார்கள். யாராவது ஒருவர் பொறுப்பாகப் பதில் சொல்லும்வரை விடமாட்டார்கள்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து போனார்கள். முதல் ஆள் டை கட்டியவர். "எங்க சிஸ்டம் போட்டா ஈ எறும்பு நுழைய முடியாது சார்" என்றார்.

"பல்லி?" என்று கேட்டார் ஸ்டோர்க்காரர். டை கட்டியவர் திருதிருவென்று முழித்தார்.

இரண்டாவது ஆள், வெளியே போனாலும் கைபேசியிலேயே வீட்டின் ஒவ்வொரு அறையையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். "வீட்ல இருக்கிறது நான் ஒருத்தன். நான் வெளிய போயிட்டா உள்ள எதைப்பா பாக்கிறது?" என்றார் ஸ்டோர்க்காரர். அவரும் கிளம்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட நடுத்தர வயது டெக்னீஷியன். விற்பனைக்கு வேறு ஆளை அனுப்பாமல் அந்தக் கம்பெனி அவரையே அனுப்பியிருந்தது. அவர் கதை அளக்கவில்லை. வீட்டைச் சுற்றிவந்து, கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொன்னார். அதற்கு மேல் தாங்காது என்பதையும் தானாகவே சொன்னார். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற ஆளை ஸ்டோர்க்காரர் ஆயுசில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறார். "சரி, உங்களுதையே போடுங்க" என்றார்.

படிவத்தில் அவசரத்துக்குக் கூப்பிட மூன்று பேர் வேண்டுமென்று இருந்தது. முதலில் மகள். இரண்டாவது எதிர்வீட்டு நர்ஸ். மூன்றாவது இடம் காலியாக நின்றது.

"பையன் யாராவது இருந்தா எழுதலாம் சார்."

"பையன்னு யாரும் இல்ல."

இருக்கிறான். இல்லாமல் என்ன? இவரே கையைக் காலைப் பிடித்துப் பணிமனையில் வேலை வாங்கிக் கொடுத்த பையன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, மேடைகளுக்கு விளக்குப் போடுகிற ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டான். ஊர் ஊராகப் போகிற வேலை. இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அவன் போன கையோடு அலாரத்தின் நாலு எண்களையும் மாற்றினார். பூட்டை மாற்றவில்லை. நல்ல பூட்டு, அதை எதற்கு வீணாக்க வேண்டும் என்று கிடங்குக்காரப் புத்தி சொல்லியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் அவர் மனைவிதான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். மகனைப் பற்றிப் பேச்செடுத்தால் இவர் சாப்பிடாமல் எழுந்துவிடுவார் என்பதால் பேச்செடுக்க மாட்டாள். பதினோரு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை இல்லாமல் போனாள். "அவனுக்குச் சொல்லக் கூடாது" என்று மகளிடம் சத்தியம் வாங்கியதும் இந்த மனுஷன்தான். உயிர் போன பிறகு மகள் மனசு கேட்காமல் தம்பிக்குத் தகவல் சொன்னாள். அவன் வரவில்லை. "பெத்தவ சாவுக்கு வராத ஜென்மம்" என்று அன்றிலிருந்து கருவிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபம் ஒன்றுதான் அவரைப் பதினோரு மாசமாகத் தாங்கிப் பிடித்திருந்தது.

பொருத்துகிற நாளன்று காலை டெக்னீஷியன் பழைய பெட்டியைக் கழற்றவில்லை. முதலில் ஒரு சின்னத் திரையை அதோடு இணைத்தார். "எதுக்கெல்லாம் கத்தியிருக்குன்னு பாத்துட்டா புதுசை எங்க வைக்கணும்னு தெரிஞ்சிடும் சார்" என்று கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "இதெல்லாம் பின் ஜன்னல். இதுவும் பின் ஜன்னல். நீங்க சொன்ன பல்லி, காத்து எல்லாம் இதுதான். ஆனா கடைசியா அடிச்சிருக்கு பாருங்க, இது பொய் இல்ல."

"என்ன பொய் இல்ல?"

"புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டு நாப்பத்திரண்டு. வாசக் கதவு தெறந்திருக்கு. தப்பு நம்பர். மறுபடியும் தப்பு நம்பர். மூணாவது தடவையும் தப்பு. சைரன். ரெண்டு நிமிஷத்துல கதவு மூடியிருக்கு. யாரோ சாவி போட்டுத் தெறந்து உள்ள வந்திருக்காங்க சார்." தேதியையும் படித்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே புதன்கிழமை.

ஸ்டோர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பூட்டுக்கு நாலே சாவி. எது யாரிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அன்றைக்கு அவருடையது அவர் சட்டைப் பையில். மனைவியுடையது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே அவள் பையில். மகளுடையது மகளோடு, வெளியூரில். அவள் வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தாள். மிச்சம் ஒன்று.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவருக்கு வரி தப்பாமல் ஞாபகம் இருந்தது. மூச்சுக் குழாயோடு அவள் படுத்திருந்தாள், நினைவு நன்றாக இருந்தது. காலையிலிருந்து, "மணி என்ன? வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "யார் வரப்போறா, பேசாம படு" என்றார். அப்போதுதான் கைபேசி அடித்தது. எடுத்தால் அவருடைய குரலே, வீட்டுல ஆபத்து என்றது. "சனியன், நேரங்காலம் தெரியாம கத்துது" என்று துண்டித்தார்.

"என்னங்க, அலாரமா?" அவள் எழுந்து உட்காரவே பார்த்தாள். "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன். பக்கந்தானே."

"பல்லியா இருக்கும்."

"பாத்துட்டு வாங்களேன்..."

"ஒன்னை விட்டுட்டுப் பல்லியப் பாக்கப் போகச் சொல்றியா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலியில் திருப்புகிறாள் என்று அவர் நினைத்தார். சாயங்காலம் நினைவு தப்பியது. பிறகு திரும்பவே இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கதவு ஒழுங்காகப் பூட்டியிருந்தது, ஒரு சாமானும் குறையவில்லை. அதனால் அந்த அலாரத்தை அவர் அப்புறம் நினைக்கவே இல்லை.

மகளுக்குப் போன் செய்தார். எடுத்ததும் கேட்டார். "அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப அவன் வீட்டுக்கு வந்தானா?"

"இப்ப ஏம்ப்பா அதெல்லாம்?" என்றாள் மகள்.

"வந்தானா இல்லியா, சொல்லும்மா."

"வந்தாம்ப்பா." மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மாதான் வரச் சொல்லியிருந்தா. புதன்கிழமை மத்தியானம் நீங்க பென்ஷன் ஆபீஸ் போயிடுவீங்க, வந்து பாத்துட்டுப் போயிடுன்னு. செவ்வாக்கிழமை இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரில இருக்கிறது அவனுக்குத் தெரியாது. தட்டிப் பாத்துட்டு, அம்மா போனுக்கு அடிச்சிருக்கான். அது வீட்டுக்குள்ளயே அடிச்சிருக்கு. அவளுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு சாவி போட்டுத் தெறந்திருக்கான். நம்பரை மாத்தினது தெரியாம மூணு தடவை போட்டிருக்கான். சைரன் கத்தினதும் திருடன் மாதிரி ஓடிட்டேன் அக்கான்னு சொன்னான். அவ செத்த அன்னிக்கு நான் கூப்பிட்டப்ப, அந்த வாசலுக்கு இன்னொரு தடவை வர மாட்டேன்னுட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா யாரைப்பா திட்டுவீங்க? செத்தவளையா?"

அவர் போனை வைத்தார். திருடன் மாதிரி ஓடினவன் கதவைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறான், அந்தப் பதற்றத்திலும். மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அலாரம் அடித்த அந்த நிமிஷம் வாசலில் நிற்பது யாரென்று தெரிந்து, புருஷனுக்குப் பயந்து, அதைச் சொல்லாமலே கெஞ்சியிருக்கிறாள். இரண்டு தடவை கெஞ்சினாள். பக்கந்தான். நடந்தே போய் அவனைக் கூட்டிவந்திருக்கலாம். பதினோரு மாசமாகச் சாபம் விட்டது ஒருத்தனை, குற்றவாளி இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

மகளிடம் அவனுடைய எண்ணை அனுப்பச் சொல்லிவிட்டு, படிவத்தைக் கேட்டு வாங்கினார். மகள் அனுப்பிய எண்ணை மூன்றாவது இடத்தில் எழுதினார். உறவு என்ற கட்டத்தில் 'மகன்' என்று நிரப்பினார்.

பட்டியலில் இருப்பவர்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டுச் சம்மதம் கேட்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஸ்டோர்க்காரர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அரை மணியில் டெக்னீஷியனின் போன் வந்தது. ஏணி மேல் கை வேலையாக இருந்த டெக்னீஷியன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மூணு பேருகிட்டயும் பேசிட்டேன்" என்றாள் ஒரு பெண். "அந்தப் பையன்தான்... விலாசத்தைச் சொன்னதுமே 'அப்பாவுக்கு என்ன ஆச்சு'ன்னு பதறிட்டாரு. ஒண்ணும் ஆகல சார், சும்மா சம்மதம் கேக்கத்தான்னேன். அப்புறம், 'திருட்டு கிருட்டுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீங்க. அவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆனா மட்டும் கூப்பிடுங்க'ன்னாரு. அப்படியே பதிஞ்சுக்கவா?"

டெக்னீஷியன் பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார். ஸ்டோர்க்காரர் தடுத்தார். "பதிஞ்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. கடைசியாக டெக்னீஷியன், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பட்டனை எடுத்துக் கொடுத்தார். மகள் சொல்லி வைத்ததாம். "விழுந்துட்டா, நெஞ்சு வலி வந்தா, இதை அழுத்துங்க சார். இந்தப் பெட்டிலயே அவங்க பேசுவாங்க. மூணு பேருக்கும் தகவல் போயிடும்."

"மூணு பேருக்குமா?"

"ஆமா சார். இப்ப ஒரு தடவை அழுத்திப் பாத்துடலாம். இது டெஸ்டுக்குத்தான், யாருக்கும் போகாது. என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, 'டெஸ்ட்'னு சொல்லிடுங்க, போதும்."

ஸ்டோர்க்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாளைக்கு இதை அழுத்தினால் அவன் வருவான். இவர் விழுந்தால் வருவான். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற வரைக்கும் வரமாட்டான். பொய்யாக ஒரு தடவை அழுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நிஜமாகக் கத்தினதைப் பொய் என்று தள்ளினவனுக்கு அதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று மனசு காறித் துப்பியது. அழுத்தினார்.

பெட்டியிலிருந்து ஒரு இளம் குரல் வந்தது. "ஐயா, உங்க பட்டன்லேர்ந்து கூப்பிட்டிருக்கீங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க."

டெஸ்ட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"என் பையன் வந்தாம்மா" என்றார். "நான் நம்பரை மாத்தி வச்சிருந்தேன். அவங்கம்மா போய்ப் பாத்துட்டு வாங்கன்னா. நான் போகலம்மா... நான் போகல."

டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வியை நிதானமாகக் கேட்டாள். "ஐயா, பயப்படாதீங்க. இப்ப உங்க வாசல்ல யாராவது நிக்கிறாங்களா?"

ஸ்டோர்க்காரர் திரும்பிப் பார்த்தார். வேலை நடந்ததால் கதவு அகலத் திறந்தே கிடந்தது.

"இல்லம்மா" என்றார். "இப்ப யாரும் இல்ல."