இதயத்துக்குள் ஒரு கொசுவம்

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் அம்மா அழுதுகொண்டிருந்தார். பட்டு நெய்யும் கணவருக்கு இதயம் பலவீனமாம், உள்ளே சேர்த்திருக்கிறார்கள்.

விடுவேனா? பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, படிக்கும் தங்கை மகளின் புத்தகத்தைப் படம் பார்த்தே கரைத்துக் குடித்தவன் நான். டாக்டர்களே என்னிடம் சந்தேகம் கேட்பதுண்டு.

“செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குதும்மா. ஆதியில தனியா திரிஞ்ச பாக்டீரியா அது. உள்ள குடிவந்து, இடம் பத்தாம, உள்தோலைக் கொசுவம் மாதிரி மடிச்சிக்கினு உக்காந்திருக்குது. மடிப்பு கூடக்கூட பலம், கலைஞ்சா பலவீனம். இதயத்துலதான் மடிப்பு ஜாஸ்தி!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கலைஞ்ச கொசுவம் திரும்ப வருமாண்ணே? அவரு மறுபடி தறியில உக்காருவாரா?”

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன், இதற்குப் படம் இல்லை.

விஞ்ஞானம் படித்தவர்களே, “வரும்” என்று மட்டும் யாராவது பதில் எழுதுங்கள். மீதியை நானே அந்த அம்மாவிடம் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.