விளக்கு அணைந்தபின் இழுப்பவர்

நூற்றுத் தொண்ணூறாவது முறையாகக் கருவியின் யூஎஸ்பி வயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு, தாளில் ஒரு கோடு போட்டார். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம்தான் வாடியது.

அலுவலகத்தில் அவருக்கு 'இருங்க சார்' என்று பெயர். லிஃப்ட் கதவு மூடப்போனால், "இருங்க, யாரோ வராங்க" என்பார். பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். வீட்டில் எல்லாரும் காரில் ஏறிய பிறகு, பூட்டிய கதவைத் திறந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவார். "நாம மொத்தமே மூணு பேர். மூணு பேரும் இங்கதான் இருக்கோம்!" என்று மனைவி ஹார்னை அமுக்குவார்.

நாடித்துடிப்பு பார்க்கும் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவது அவர் வேலை. கருவியைக் கழற்றினால் மென்பொருள் கடையைக் கட்டவேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. கருவியிடம் தகவல் கேட்டுப் போகும் கட்டளைகளை ஆட்கள் என்று வைத்துக்கொண்டால், முதலில் புதிதாக ஆள் அனுப்பக்கூடாது. தகவல் வாங்கிவரப் போனவர்களைக் கூப்பிட்டு, கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருக்கவேண்டும். பிறகுதான் இடத்தைக் காலி செய்யலாம். முந்திக்கொண்டால், தாமதமாக வந்தவன் இடித்துப்போட்ட வீட்டுக்குள் கால் வைப்பான். கணினி அப்படியே உறைந்துபோகும்.

கருவிகளை வாங்கிய மருத்துவமனையில் அதுதான் நடந்தது, வாரத்தில் நாலு தடவை. இன்று சரியாகாவிட்டால் முப்பது கருவிகளும் திரும்பி வந்துவிடும். அதைச் சொல்ல அங்கிருந்து நர்ஸே நேரில் வந்திருந்தார்.

"இங்க ஒண்ணும் ஆகலையே, சிஸ்டர்."

"எங்க, இழுங்க பாப்போம்."

இழுத்தார். நர்ஸ் சிரித்துவிட்டார். "அட, கருவியில லைட் அணையற வரைக்கும் காத்திருந்துல்ல இழுக்கறீங்க! அடுத்த பேஷன்ட் கத்திக்கிட்டிருப்பார், நான் எரியறப்பவே பிடுங்கிடுவேன்."

கருவியின் சின்ன விளக்கு எரிந்தால், ஒரு தகவல் இன்னும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். பாவம், வந்து சேரட்டும் என்று அவர் கை அத்தனை தடவையும் தானாக நின்றிருக்கிறது.

நர்ஸின் மூன்றாவது இழுப்பில் கணினி உறைந்தது. இருங்க சார் நிரலைத் திறந்து பார்த்தார். போனவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்ட பிறகும், வினாடிக்கு ஒரு புது ஆளை அனுப்பும் டைமர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தும் வரி, இரண்டு வரி கீழே கிடந்தது. லிஃப்டுக்கெல்லாம் 'இருங்க' சொன்னவர், டைமருக்குச் சொல்லத் தாமதித்திருந்தார்.

வரியை மேலே ஏற்றினார். நர்ஸ் களை பறிப்பதுபோல் அறுபது தடவை பிடுங்கினார். கணினி அசையவில்லை.

"சரியாயிடுச்சு சார், முப்பதும் எங்ககிட்டயே இருக்கட்டும். இப்ப நீங்க ஒண்ணு இழுங்க. எரியறப்ப!"

விளக்கு எரிந்தது. "மன்னிச்சுக்கோ" என்று வயரிடம் முணுமுணுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார்.