வேறொரு பைக்கின் முன் ஷொக்

என் பழைய பைக்கின் அதிர்வு தாங்கும் முன் ஷொக் செத்துப்போயிருந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியின் ஒவ்வொரு குழியும் என் தோள்மூட்டில் வந்து இடித்தது.

"வித்துப்போட்டு ஸ்கூட்டி ஒண்டு எடு. பொம்பிளைப் பிள்ளைக்கு அதுதான் வடிவு," என்றார் அம்மா.

நான் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். பின்பக்கம் நொறுங்கிய வேறொரு பைக்கின் முன் ஷொக் இரண்டையும், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்போடு வாங்கி வந்தேன்.

"இதின்ர ஹாண்டில் திருப்பிற கழுத்துத் தண்டு உங்கட பைக்குக்குப் பொருந்தாது, தங்கச்சி," என்றார் கராஜ்காரர்.

"அப்ப என்ர பழைய தண்டைக் கழட்டி இந்தக் கிளாம்பில இறுக்குங்கோ, அண்ணை. லேத்தில குடுத்தால் செய்து தருவினம்."

முணுமுணுத்துக்கொண்டே செய்வித்தார். பொருந்தியது.

அந்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பைக்கை எங்கேயாவது மறைத்து வைக்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். நான் அதை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் லிஃப்டுக்கு நேரெதிரே நிறுத்தினேன்.

போகும்போது மாப்பிள்ளையின் தாய் அதன் முன்னால் நின்றார்.

"ஆரின்ர பைக் பிள்ளை இது?"

"என்ரதான்."

"பரவாயில்லை, கலியாணத்துக்குப் பிறகு எங்கட மகன் ஓடுவான்."

"அவர் பின்னால இருக்கலாம், அன்ரி. ஆனால் பின் ஷொக் இன்னும் பழசுதான்."