மாப்பிள்ளை சைலன்சர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. சின்னப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதி வேறு. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா, தெரியவில்லை. நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார் ஓட்டினார். பழைய கார்தான், ஆனால் சொந்தக் கார். சாரல் விழுந்து குற்றாலத்துக்குக் கூட்டம் வருகிற மாதங்களில் ஓடினால்தான் எங்களுக்கு வருஷம் கழியும்.

அந்தக் காரின் சைலன்சரை அவர் பட்டறையில் கொடுத்து அறுத்து, உள்ளே இருந்த தகடுகளை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்திருந்தார். அப்படிச் செய்தால் ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி நன்றாக இழுக்குமாம். இழுத்ததோ என்னவோ, சத்தம் ஊரைக் கூட்டியது. வண்டி தெருவுக்குத் திரும்புவதற்கு முன்பே கேட்டுவிடும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன். சைலன்ஸ் என்றால் பேசாமல் இரு என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். இத்தனை சத்தம் போடுகிற குழாய்க்கு ஏன் அந்தப் பேர் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

வாடகை வண்டியை வருஷா வருஷம் எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியான வண்டி என்கிற சர்டிபிகேட்டுக்கு, கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்க்கிறவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக்கை மட்டும் பார்ப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தமும் கேட்பார், புகையும் பார்ப்பார் என்றார்கள். அவர் எழுதித் தராவிட்டால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. சாரல் நெருங்கிவிட்டது. என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், கல்யாணத்துக்கு இருந்தாள். அந்த சீசன் ஓட்டத்தை நம்பித்தான் அவள் கல்யாணம்.

ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஏட்டி, நாளைக்குக் காலைல மாப்பிள்ளை வருதாரு. அண்ணாச்சி கூட்டிட்டு வருவாரு. நான் இல்லாட்டியும் உள்ள இருக்க வையி."

அண்ணாச்சி என்றால் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். எந்த ஊர் மாப்பிள்ளை, என்ன வேலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டேன். கேசரி கிண்டினேன். நாத்தனார் பட்டுச் சேலை கட்டி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி சைக்கிளில் வந்தார், பின்னால் நீளமாக ஒரு சாக்கு மூட்டை. அவருக்குப் பின்னால் தெருவைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கதவு மறைவில் நின்று, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"இந்தா இருக்காருல்லா தாயி" என்று சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு சைலன்சர்.

ஸ்டாண்டில் எல்லாருடையதும் அறுத்த சைலன்சராம். அறுக்காத நல்லது ஒன்றே ஒன்று. யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவர் அதை மாட்டிக் காட்டிவிட்டு, கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வீடு உபசாரத்தோடு போய் வருவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர். கேசரி எதற்கென்று தெரியாமலே அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாத்தனார் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வந்த மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டாமா மதினி?" என்று குழாய் வாய்க்குள் மடமடவென்று ஊற்றினாள். பிறகுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு அவரும் அண்ணாச்சியும் தென்காசியில் இன்ஸ்பெக்டர் வருகிற மைதானத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வண்டியை முடுக்கியதும் வெள்ளைப் புகை வந்தது, நிற்கவே இல்லை என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது. இஞ்சின் ஆயில் குடிக்கிறது, இறக்கி வேலை பார்த்துக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஒரு லாரியைப் பார்க்கப் போய்விட்டார். குழாய்தான் கெட்டுவிட்டது என்றார் இவர். மாப்பிள்ளையைக் குறை சொல்லாதே, உன் இஞ்சின்தான் போச்சு என்றார் அண்ணாச்சி. பேச்சு முற்றியதில் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது புகையே இல்லை. குனிந்து, கைக்குட்டையைக் குழாயில் வைத்துப் பார்த்தாராம்.

"எங்கய்யா போச்சு புகை?"

"தெரியலையே சார்."

அவர் சிரித்தார் என்று வீட்டுக்காரரும், வைதார் என்று அண்ணாச்சியும் சொன்னார்கள். எப்படியோ எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் சாரலும் நன்றாக விழுந்தது, வண்டியும் ஓடியது.

சீசன் பாதியில் ஒருநாள் ஈர விறகு வெள்ளையாகப் புகைந்தபோதுதான் எனக்கு அந்தச் சொம்புத் தண்ணீர் ஞாபகம் வந்தது. நாத்தனாரிடம் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீர் தென்காசி வரைக்குமா தங்கும் என்று அவள் கேட்டாள். அதுவும் சரிதானே என்று பட்டது.

ஆவணியில் நிஜமாகவே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போகும்போது அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மதினி, நல்லாப் பாத்துட்டு வாங்க. சாக்கு எதுவும் இல்லல்லா?"

அந்த மாப்பிள்ளையே அமைந்துவிட்டார்.

கார் விவரம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் போனால் வெள்ளைப் புகை வந்து தானாக நிற்குமா? ஆயில் புகை நீலமா, வெள்ளையா? கைக்குட்டை வைத்துப் பார்த்தது அந்த வருஷம்தானா, அடுத்த வருஷத்தைச் சேர்த்துக் குழப்புகிறேனா? தப்பிருந்தால் அடித்துவிட்டு, சரியானதை எழுதிக்கொள்ளுங்கள்.